அத்தியாயம் 9: ஊர் வழக்கு டெல்லிக்கு வரும்போது

டெல்லியின் முனிர்காவில் குடியிருக்கும் தமிழர் பலருக்கும் பழக்கமான தொலைபேசி அழைப்பு ஒன்று உண்டு. “தம்பி, வாய்க்கால் நிலத்துக் கேஸ் ஐகோர்ட்ல தோத்துடுச்சு. நீ டெல்லியிலதானே இருக்கே, சுப்ரீம் கோர்ட்ல நல்ல வக்கீலா ஒருத்தரைப் பாரு” என்பார் பெரியப்பா. அடுத்த வாரம் ஒரு பெரிய கூரியர் உறை வந்து சேரும். உள்ளே பாதி அழிந்த நகல்கள், தேதி இல்லாத குறிப்புகள், யாரோ ஒருவருடைய பட்டா.

டிடிஏ குடியிருப்பில் இருக்கும் அரசு ஊழியர், முனிர்கா கிராமத்துக்குள் ஒற்றை அறையில் தங்கி ஜேஎன்யூவில் படிக்கும் மாணவர், பக்கத்து ராமகிருஷ்ணபுரத்தில் தமிழ்ச் சங்கத்துக்கும் மலை மந்திருக்கும் போய்வரும் குடும்பத்தார் எல்லோருக்கும் பயன்பட வேண்டும் என்று எழுதப்பட்டது இந்த அத்தியாயம். தமிழ்நாட்டுச் சட்டம் சம்பந்தப்பட்ட வழக்கு எப்படி டெல்லிக்கு வருகிறது, எப்போது வராது, வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலிலேயே இரண்டு நம்பிக்கைகளைக் கைவிட வேண்டும். டெல்லியில் குடியிருக்கிறோம் என்பதற்காக ஊர் வழக்கை டெல்லியில் போட முடியாது. உச்ச நீதிமன்றம் வழக்கை முதலிலிருந்து மறுபடி விசாரிக்கவும் விசாரிக்காது.

ஏணி ஒன்றுதான்

அமெரிக்காவில் நீதிமன்றங்கள் இரண்டு தனி வரிசைகளாக இயங்குகின்றன. மாநிலங்களுக்கு ஒரு வரிசை, கூட்டாட்சி அரசுக்கு இன்னொன்று. ஒரு மாநிலச் சட்டத்துக்கு என்ன பொருள் என்பதில் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் சொல்வதே முடிவு. வெவ்வேறு மாநிலத்தவர் மோதும் வழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் அங்கும் மாநிலச் சட்டத்தையே பின்பற்ற வேண்டும் என்று 1938-இல் ஈரி ரயில்வே வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தியாவில் அப்படி இரண்டு வரிசை இல்லை. மாவட்ட முன்சீப் நீதிமன்றம், சார்பு நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று ஒரே ஏணிதான். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தையும் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தையும் அதே முன்சீப்தான் படித்துத் தீர்ப்புச் சொல்கிறார். தமிழ்நாட்டுச் சட்டத்துக்கு என்ன பொருள் என்பதிலும் கடைசி வார்த்தை உச்ச நீதிமன்றத்துடையது.

உச்ச நீதிமன்றத்துக்கு முன்னோடியாக இருந்தது 1937 அக்டோபர் 1-இல் டெல்லியில் தொடங்கிய ஃபெடரல் கோர்ட். 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் அதிகாரங்களை மத்திய, மாகாண, பொதுப் பட்டியல்களாகப் பிரித்திருந்தது. அந்த எல்லைத் தகராறுகளைத் தீர்ப்பது ஃபெடரல் கோர்ட்டின் முக்கிய வேலை. அங்கே போன ஆரம்பகால வழக்குகளில் ஒன்று தமிழ் மண்ணைச் சேர்ந்தது. 1938-இல் ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வட்டிச் சுமையைக் குறைக்கும் சட்டம் அது. கடன் கொடுத்தவர்கள் தரப்பு வாதம் இப்படி இருந்தது: பிராமிசரி நோட்டு மத்தியப் பட்டியலில் உள்ள விஷயம், மாகாணச் சட்டமன்றம் அதைத் தொட முடியாது. சுப்பிரமணியன் செட்டியார் எதிர் முத்துசாமிக் கவுண்டன் வழக்கில் தலைமை நீதிபதி மாரிஸ் குவையரும் நீதிபதி எஸ். வரதாச்சாரியாரும் சட்டம் செல்லும் என்றார்கள். ஒரு சட்டம் ஓரத்தில் எதைத் தொட்டுவிடுகிறது என்று பார்க்கக் கூடாது, அதன் உள்ளடக்கம் எதைப் பற்றியது என்று பார்க்க வேண்டும் என்பது குவையர் காட்டிய வழி. 1947-இல் வங்காளக் கடன் சட்ட வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சிலும் அதை ஏற்றது. இன்றுவரை மாநிலச் சட்ட வழக்குகளில் முதலில் எடுத்துப் பார்க்கும் அளவுகோல் அதுதான்.

ஏணியை இரண்டாக உடைக்க ஒரு முறை முயற்சி நடந்தது. நெருக்கடி நிலையின்போது வந்த 42-ஆவது திருத்தம், மத்தியச் சட்டம் செல்லுமா என்று உயர் நீதிமன்றங்கள் பார்க்கக் கூடாது என்றது. மாநிலச் சட்டம் செல்லுமா என்று மட்டும் கேட்டு யாரும் நேராக உச்ச நீதிமன்றத்துக்கு வரக் கூடாது என்றும் சொன்னது. 1978 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 43-ஆவது திருத்தம் இந்தத் தடைகளை நீக்கியது. இன்று உயர் நீதிமன்றம் இரண்டு வகைச் சட்டங்களையும் ஆராயலாம்.

இதனால் உங்களுக்கு என்ன? வழக்கு எந்தச் சட்டத்தைப் பற்றியதாக இருந்தாலும் பெரும்பாலும் கீழ்ப் படியில்தான் தொடங்கும். கீழே ஏற்படுகிற ஓட்டையை மேலே அடைக்க முடியாது.

மாநிலச் சட்டத்தின் மீது எழும் நான்கு கேள்விகள்

வழக்கறிஞரைப் பார்க்கும் முன் உங்கள் தகராறு கீழ்க்கண்ட நான்கில் எது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். முதல் சந்திப்பு பாதி நேரத்தில் முடியும்.

முதல் கேள்வி, அதிகாரம். இந்தச் சட்டத்தை இயற்றச் சட்டமன்றத்துக்கு உரிமை இருந்ததா? முல்லைப் பெரியாறு இதற்குப் பக்கத்தில் வரும் வழக்கு. 2006 பிப்ரவரியில் நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன சில வாரங்களில், 136 அடிக்கு மேல் போகக் கூடாது என்று கேரளம் சட்டத் திருத்தம் செய்தது. தமிழ்நாடு வழக்குத் தொடர்ந்தது. நீதிமன்றம் உண்மைகளை ஆராய்ந்து தந்த தீர்ப்பைச் சட்டமன்றம் ஒரு சட்டத்தால் அழிக்க முடியாது என்று 2014 மே 7-இல் ஐந்து நீதிபதிகள் அந்தத் திருத்தத்தை ரத்துசெய்தார்கள்.

இரண்டாவது, முரண். பொதுப் பட்டியலில் உள்ள விஷயத்தில் மாநிலச் சட்டம் மத்தியச் சட்டத்தோடு மோதினால், அரசமைப்பின் 254-ஆவது பிரிவுப்படி மத்தியச் சட்டம் நிற்கும். மாநிலச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றிருந்தால் அந்த மாநிலத்துக்குள் அது நிற்கும். முரண் என்றால் என்ன என்பதற்கு இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு 1979-இல் வந்த மு. கருணாநிதி எதிர் இந்திய அரசு. இரண்டு சட்டங்களையும் ஒரே நேரத்தில் பின்பற்றவே முடியாது என்ற அளவுக்கு மோதல் இருக்க வேண்டும் என்றது அது. நிலம் கொடுத்த குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய இன்னொரு வழக்கு: 2013-ஆம் ஆண்டு மத்திய நிலம் கையகப்படுத்தும் சட்டத்துக்குப் பின் தமிழ்நாட்டின் மூன்று கையகப்படுத்தும் சட்டங்கள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் சொன்னது. சட்டமன்றம் அவற்றை மீட்டுப் புதுச் சட்டம் இயற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றது. அந்தப் புதுச் சட்டம் செல்லும் என்று 2021 ஜூன் 29-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழிற்பேட்டைக்கோ நெடுஞ்சாலைக்கோ உங்கள் நிலம் எடுக்கப்பட்டிருந்தால், எந்தச் சட்டத்தின் கீழ், எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்பதை முதலில் எழுதி வையுங்கள்.

மூன்றாவது, அடிப்படை உரிமை. சட்டமன்றத்துக்கு அதிகாரம் இருந்தும் சட்டம் சமத்துவத்தை மீறலாம். வன்னியருக்கான 10.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை 2022 மார்ச் 31-இல் உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது. அப்படிச் சட்டம் இயற்ற மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று ஏற்றுக்கொண்டது. தனியே பிரிப்பதற்குத் தேவையான தரவு காட்டப்படவில்லை என்பதால் சட்டம் விழுந்தது. 2023 மே 18-இல் ஜல்லிக்கட்டுச் சட்டத் திருத்தம் நின்றதற்கும் காரணம் இருந்தது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அதற்கு இருந்தது. ஜல்லிக்கட்டு தமிழ்ப் பண்பாட்டின் பகுதி என்று சட்டமன்றம் எடுத்த முடிவில் தலையிட ஐந்து நீதிபதிகளும் மறுத்தார்கள்.

நான்காவது, பொருள். சட்டம் செல்லுமா என்ற கேள்வியே இல்லை. அதன் ஒரு பிரிவுக்கு என்ன அர்த்தம் என்பதே தகராறு. வீட்டு வாடகை, கோயில் நிலம், பாகப் பிரிவினை, கூட்டுறவுச் சங்கம் என்று சாதாரணக் குடும்ப வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வகை. இவைதான் உச்ச நீதிமன்றத்தில் மிக எளிதாகத் தள்ளுபடியும் ஆகின்றன.

நான்குக்கும் முன்னால் ஒரு சோதனை இருக்கிறது. நீங்கள் சொல்லும் சட்டம் நடைமுறையில் இருக்கிறதா? சட்டமன்றத்தில் நிறைவேறிய மசோதா, ஆளுநரோ குடியரசுத் தலைவரோ ஒப்புதல் தந்து அரசிதழில் வந்த பிறகே சட்டம். தமிழ்நாட்டின் 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று 2025 ஏப்ரல் 8-இல் இரு நீதிபதிகள் அமர்வு அறிவித்தது. அதன்பின் குடியரசுத் தலைவர் கேட்ட கருத்துக்கு 2025 நவம்பர் 20-இல் பதிலளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஒப்புதலுக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, அப்படிக் கருதிக்கொள்ளும் முறையும் அரசமைப்பில் இல்லை என்றது. ஆகவே செய்தித்தாள் தலைப்பை நம்பி மனு எழுத வேண்டாம். அரசிதழை எடுத்து, சட்டத்தின் எண், நடைமுறைக்கு வந்த நாள், பிந்தைய திருத்தங்கள் மூன்றையும் பாருங்கள்.

எந்த மனுவை எங்கே போடுவது

நிலம், வீடு, பாகம்: சொத்து எந்த நீதிமன்ற எல்லைக்குள் இருக்கிறதோ அங்கேதான் வழக்கு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. வாதி முனிர்காவில் இருக்கிறார் என்பது கணக்கில் வராது. ஊரில் நம்பிக்கையான உறவினருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்து வழக்கை நடத்தலாம். உங்களுக்கு மட்டுமே நேரடியாகத் தெரிந்த விஷயங்களில் நீங்களே போய்ச் சாட்சி சொல்ல வேண்டியிருக்கும்.

அரசாணை அல்லது சட்டம் மீதான ரிட்: அரசமைப்பின் 226-ஆவது பிரிவில் உயர் நீதிமன்றத்தில். வழக்கின் காரணத்தில் ஒரு பகுதியாவது எந்த நீதிமன்ற எல்லைக்குள் எழுந்ததோ அங்கே போகலாம். நாடாளுமன்றம் டெல்லியில் இருக்கிறது, ஆகவே மத்தியச் சட்டத்தை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போகலாமே என்று சிலர் கேட்பார்கள். அது மட்டும் போதாது என்று 2004-இல் குசும் இங்காட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. தமிழ்நாட்டுச் சட்டத்தால் தமிழ்நாட்டில் பாதிக்கப்பட்டவர் போக வேண்டிய இடம் சென்னை அல்லது மதுரைக் கிளை.

நேரடி மனு: அடிப்படை உரிமை மீறப்பட்டால் 32-ஆவது பிரிவில் உச்ச நீதிமன்றத்துக்கு வரலாம். உரிமை இருக்கிறது என்றாலும், “முதலில் உயர் நீதிமன்றம் போங்கள்” என்று திருப்பி அனுப்புவது வழக்கம்.

மாநிலங்களுக்கு இடையே, அல்லது மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும்: 131-ஆவது பிரிவு. முல்லைப் பெரியாறு வழக்கு இதில் வந்தது. இந்த வழி அரசுகளுக்கு மட்டும். தனி நபர் இதில் வாதியாக முடியாது.

மேல்முறையீடு: உயர் நீதிமன்றம் சான்றளித்தால் 132, 133-ஆவது பிரிவுகளில். சான்று கிடைக்காத பெரும்பாலானோருக்கு 136-ஆவது பிரிவில் சிறப்பு அனுமதி மனு. எஸ்.எல்.பி. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அனுமதி தருவது நீதிமன்றத்தின் விருப்பம். உங்கள் உரிமை இல்லை.

மாற்றல் மனு: முனிர்காவில் குழந்தையோடு இருக்கும் பெண்ணுக்கு எதிராகக் கணவர் கோயம்புத்தூரில் விவாகரத்து வழக்குப் போட்டால், அதை டெல்லிக்கு மாற்றித் தர உச்ச நீதிமன்றத்தால் மட்டுமே முடியும். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு உரிமையியல் வழக்கை மாற்றும் அதிகாரத்தை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு தருகிறது. கீழ் நீதிமன்றத்தில் தோற்காமலே உச்ச நீதிமன்றத்துக்கு வரக்கூடிய மனு இது. பயண தூரம், குழந்தையின் பள்ளி, வருமானம், உடல்நிலை ஆகியவற்றுக்கு ஆதாரம் திரட்டுங்கள்.

ஒரு முழு எடுத்துக்காட்டு: மகளின் பங்கு

டெல்லியில் வேலை பார்க்கும் பெண்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது: “அண்ணன்கள் ஊர் நிலத்தைத் தாங்களே பிரித்துக்கொண்டார்கள். எனக்குப் பங்கு உண்டா?” மாநிலச் சட்டமும் மத்தியச் சட்டமும் ஒரே குடும்பத்துக்குள் எப்படிச் சந்திக்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு இல்லை.

1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் மத்தியச் சட்டம். அதில் பிறப்பால் வரும் பூர்வீகச் சொத்துரிமை மகன்களுக்கே இருந்தது. தமிழ்நாடு தன் மாநிலத்துக்கு மட்டும் ஒரு திருத்தம் செய்து, 1989 மார்ச் 25 முதல் மகளுக்கும் அந்த உரிமையைத் தந்தது. ஆனால் அந்த நாளுக்கு முன் திருமணமான மகளுக்கு அது பொருந்தாது. 2005 செப்டம்பர் 9-இல் நாடாளுமன்றத்தின் திருத்தம் நாடு முழுவதற்கும் வந்தது. அது மணமானவர், ஆகாதவர் என்று பிரிக்கவில்லை. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாணையாலோ முடிந்த பாகப் பிரிவினையை அது கலைக்காது. 2005-இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பம் பல ஆண்டுகள் நீடித்தது. வேண்டியதில்லை, உரிமை பிறப்பால் வருகிறது என்று 2020 ஆகஸ்ட் 11-இல் வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் முடித்துவைத்தார்கள். வாய்மொழிப் பாகப் பிரிவினையை எளிதில் ஏற்கக் கூடாது என்றும் சொன்னார்கள்.

இதுவரை சொன்னது பூர்வீகச் சொத்து. தந்தை தானே சம்பாதித்த சொத்து வேறு. தமிழ்நாட்டிலிருந்து போன அருணாசலக் கவுண்டர் எதிர் பொன்னுசாமி வழக்கில், 1956-க்கு முன் உயில் எழுதாமல், ஒரே மகளை விட்டு இறந்தவரின் சுயார்ஜிதச் சொத்து அந்த மகளுக்கே சேரும் என்று 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விசாரணை நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும் தோற்ற வழக்கு அது. மேலே வென்றதற்குக் காரணம், அங்கே தூய சட்டக் கேள்வி ஒன்று நின்றதுதான்.

ஆகவே பங்கு கேட்கும் பெண் முதலில் சேர்க்க வேண்டியவை: தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, தந்தையின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, தன் திருமணத் தேதிக்கான ஆதாரம், ஏற்கெனவே பாகம் நடந்ததாகச் சொன்னால் அந்தப் பத்திரத்தின் சான்றிட்ட நகல். பூர்வீகமா சுயார்ஜிதமா என்பது விசாரணை நீதிமன்றத்திலேயே நிரூபிக்கப்பட வேண்டும். அங்கே சாட்சியம் இல்லாமல் போனால் வினீதா சர்மா தீர்ப்பைக் கையில் வைத்திருந்தும் பயனில்லை.

உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த நாள் முதல்

ஒரு பாக வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு இரண்டாம் மேல்முறையீடாக வரும்போதே, முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் விசாரிக்கப்படும். உண்மைகள் குறித்த சண்டை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அதற்கும் மேலே உள்ள படி எவ்வளவு குறுகியது என்பதை மனதில் வைத்துக் கீழ்க்கண்டவற்றைச் செய்யுங்கள்.

1. தீர்ப்பு வந்த உடனே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். எஸ்.எல்.பி. போடப் பொதுவாக 90 நாள். நகல் பெற ஆன நாட்கள் அதில் கழிக்கப்படும். தாமதமானால் மன்னிப்பு மனு போடலாம். ஒவ்வொரு காரணத்துக்கும் ஆதாரம் வேண்டும். “ஊரிலிருந்து காகிதம் வரத் தாமதம்” என்ற ஒற்றை வரி போதாது.

2. கீழ் நீதிமன்றங்களின் எல்லாத் தீர்ப்புகள், வழக்குரை, எதிர்வழக்குரை, சாட்சிய ஆவணங்கள் முழுவதையும் தேதி வாரியாக அடுக்குங்கள். ஒரு பக்கத்தில் காலவரிசை எழுதுங்கள். அந்த ஒரு பக்கம், வழக்கறிஞரின் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

3. தமிழ் ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அரசமைப்பின் 348-ஆவது பிரிவுப்படி உச்ச நீதிமன்ற நடவடிக்கை ஆங்கிலத்தில்தான். ‘நஞ்சை’, ‘தரிசு’, ‘நத்தம்’, ‘இனாம்’, ‘கிரயம்’, ‘ஒத்தி’ போன்ற சொற்களில் பிழை வந்தால் வழக்கின் போக்கே மாறும். மொழிபெயர்ப்பை நீங்களே ஒரு முறை படித்துச் சரிபாருங்கள். இங்கே உங்கள் தமிழுக்கு வேலை இருக்கிறது.

4. அட்வகேட் ஆன் ரெக்கார்டு ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். உச்ச நீதிமன்றத்தில் வக்காலத்துத் தாக்கல் செய்ய அவர்களால் மட்டுமே முடியும். நீதிமன்றத்திலிருந்து 16 கிலோமீட்டருக்குள் அவர்கள் அலுவலகம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே தெற்கு டெல்லியிலும் ஆட்கள் கிடைப்பார்கள். பெயர்ப் பட்டியல் நீதிமன்ற இணையதளத்தில் இருக்கிறது. விசிட்டிங் கார்டை நம்பாமல் அதில் சரிபாருங்கள்.

5. ஊர் வழக்கறிஞரையும் டெல்லி வழக்கறிஞரையும் ஒரே அழைப்பில் பேசவையுங்கள். தமிழ்நாட்டுச் சட்டத்தின் பழைய திருத்தங்கள், வருவாய்த் துறைப் பதிவேடுகளின் நடைமுறை ஆகியவை ஊர் வழக்கறிஞருக்கே நன்றாகத் தெரியும்.

6. கீழே எழுப்பாத வாதத்தையும் கீழே காட்டாத ஆவணத்தையும் மேலே புதிதாகக் கொண்டுவர எதிர்பார்க்காதீர்கள். கீழே பதிவானவற்றுக்குள்ளேயே மனு அடங்குகிறது என்று வழக்கறிஞர் சான்று தர வேண்டும். கூடுதல் ஆவணத்துக்குத் தனி மனு, தக்க காரணம் இரண்டும் தேவை.

7. நீங்கள் வென்ற தரப்பா? அப்படியானால் உடனே கேவியட் போடுங்கள். எதிர்த் தரப்பு தடை உத்தரவு கேட்டு வந்தால் உங்கள் வழக்கறிஞருக்குத் தகவல் வரும்.

விசாரணை நாள்

முனிர்கா மெட்ரோ நிலையத்தில் மெஜந்தா தடத்தில் ஏறி ஹவுஸ் காஸில் இறங்குங்கள். அங்கிருந்து மஞ்சள் தடத்தில் ராஜீவ் சௌக். அங்கே நீலத் தடத்துக்கு மாறினால் பாரக்கம்பா ரோடு, மண்டி ஹவுஸ் தாண்டி சுப்ரீம் கோர்ட் நிலையம். முன்பு அதன் பெயர் பிரகதி மைதான். உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும். ‘சுஸ்வாகதம்’ இணையதளத்தில் முன்னரே பதிவு செய்துகொள்ளலாம். புகைப்பட அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

புது மனுக்கள் மரபாகத் திங்களும் வெள்ளியும் வரும். உங்கள் குடும்பம் இருபது ஆண்டு நடத்திய வழக்கு சில நிமிடங்களில் முடிந்துவிடலாம். அதற்கு மனதைத் தயார்செய்து, பெரியப்பாவிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ‘தள்ளுபடி’ என்று காரணம் சொல்லாமல் ஒரு வரியில் முடிந்தால், அனுமதி மறுக்கப்பட்டது என்று மட்டுமே அதற்குப் பொருள். உயர் நீதிமன்றம் சொன்ன சட்டக் கருத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றதாக ஆகாது என்று 2000-இல் குஞ்ஞயம்மது எதிர் கேரள அரசு வழக்கில் விளக்கப்பட்டிருக்கிறது. மறுசீராய்வு மனு போட 30 நாள் இருக்கிறது. வெளிப்படையான பிழை இருந்தால் மட்டும் அதைச் செய்யுங்கள்.

பணம் இல்லாதவர்களுக்கு

உச்ச நீதிமன்றச் சட்டப் பணிகள் குழு இலவச வழக்கறிஞர் தருகிறது. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. மற்றவர்களுக்கு ஆண்டு வருமானம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி எண் 15100. நடுத்தர வருமானக் குடும்பங்களுக்குக் குறைந்த கட்டணத் திட்டம் தனியாக இருக்கிறது. தெரிந்தவர் மூலம் ஆளைத் தேடிக் கடன் வாங்கிக் கொடுப்பதற்கு முன் இந்த வழியை முயன்று பாருங்கள்.

முனிர்கா வீட்டுத் தகராறு வந்தால்

ஊர் வழக்கைப் பேசும்போது குடியிருக்கும் வீட்டை மறந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் வாடகைக்கு 2017-ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் இருக்கிறது. அது இங்கே செல்லாது. டெல்லியில் 1958-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதை இயற்றியது நாடாளுமன்றம். மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டினால் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. இன்று முனிர்கா வாடகைகள் அந்த எல்லைக்கு வெகுமேலே. அப்போது உங்கள் ஒப்பந்தமும் சொத்து மாற்றச் சட்டமுமே பேசும். வேறு ஏற்பாடு இல்லாத மாத வாடகையை முடிக்க 15 நாள் நோட்டீஸ் போதும். ஒப்பந்தத்தைப் படித்துக் கையெழுத்துப் போடுங்கள், வாடகையை வங்கி வழியாகவே செலுத்துங்கள்.

லால் டோரா (பழைய கிராமக் குடியிருப்பு) எல்லைக்குள் பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் வைத்து வீடு விற்பார்கள். அப்படிப்பட்ட பத்திரம் உரிமையை மாற்றாது என்று 2011 அக்டோபரில் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. விலை குறைவு என்று வாங்கிவிட்டுப் பின்னால் வழக்காடுவதைவிட வாங்காமலிருப்பது மேல்.

முடிவாக

மாநிலச் சட்டத்தைப் பற்றிய வழக்கு வெல்லப்படுவது பெரும்பாலும் ஊரில்தான்: முன்சீப் நீதிமன்றத்தில் ஆவணம் காட்டும் நாளில், சாட்சி சொல்லும் நாளில், உயர் நீதிமன்றத்தில் சட்டக் கேள்வியைச் சரியாக எழுதும் நாளில். அடுத்த அழைப்பு வரும்போது “நல்ல வக்கீலைப் பார்க்கிறேன்” என்று சொல்லும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். வழக்கு எந்தப் படியில் இருக்கிறது? தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு எந்தத் தேதியில் விண்ணப்பித்தார்கள்? கீழே பதிவாகாமல் விட்டுப்போன ஆவணம் எது? வழக்கு இன்னும் விசாரணை நீதிமன்றத்தில் இருந்தால், டெல்லி வழக்கறிஞருக்காக ஒதுக்கிய பணத்தை ஊரில் நல்ல வழக்கறிஞருக்கும் ஆவணங்களுக்கும் செலவிடச் சொல்லுங்கள்.